கதையைக் கேள், கேள்வியும் கேள்!

அமிர்திக்குப் போயிருக்கிறீர்களா?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரம். ஜவ்வாது மலையின் அடிவாரம். காடு இருக்கிறது. ஆறு இருக்கிறது. மழைக் காலத்தில் அருவி விழுகிறது. 1967-ம் ஆண்டில் தொடங்கிய சிறிய உயிரியல் பூங்காவும் இருக்கிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

சிறுவன் மானைப் பார்க்க ஓடுகிறான்.

அக்காள் அருவியின் அழகில் மயங்கி நிற்கிறாள்.

அப்பா ஆற்றில் காலை வைக்கிறார். "தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு! நம்ம பாலாறு இப்படி இருந்தா எப்படி இருக்கும்!" என்று பெருமூச்சு விடுகிறார்.

அம்மா சோற்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "எல்லாரும் வேடிக்கை பாக்குறீங்க. இதைத் தூக்கிட்டு வந்தது யாரு?" என்று கேட்கிறாள்.

ஆயா எதையும் பார்க்கவில்லை. வழி ஓரத்தில் நின்ற ஆவாரஞ்செடியைத் தொட்டுப் பார்க்கிறாள். "இந்தப் பட்டையை உரிச்சுத்தான் அந்தக் காலத்துல தோல் ஷாப்புக்குப் போட்டோம், கண்ணு" என்று பேரனிடம் சொல்கிறாள்.

காடு ஒன்று. கண்கள் ஐந்து ஜோடி!

யார் பார்த்தது சரி? ஐவர் பார்த்ததும் சரிதான். ஒருவர் கண்ணுக்குத் தெரிந்தது மற்றவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அமிர்தி முழுதாகத் தெரியும்.

கதையும் அப்படித்தான். கவிதையும் அப்படித்தான். சினிமாவும் அப்படித்தான்.

பெரிய பெயர், சின்ன விஷயம்

"இலக்கியக் கொள்கை", "பண்பாட்டுக் கோட்பாடு" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. அது பேராசிரியர்களின் சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்கி விடுகிறோம்.

ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு கதையை எந்தப் பக்கமாக நின்று பார்ப்பது என்பதுதான் கொள்கை. அவ்வளவுதான். ஆயாவுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. அம்மாவுக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. அதற்குப் பெயர்தான் அவர்களுக்குத் தெரியாது.

இந்தக் கண்களை எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலை நம்பி வாழும் ஊர்களில் உள்ள பிள்ளைகளுக்கு மிகவும் அவசியமாகக் கொடுக்க வேண்டும்.

ஏன்? ஒரு கதை சொல்லிக் காட்டுகிறேன்.

செருப்புத் தைத்த மாப்பிள்ளை

தெற்கே நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடும் கதை இது. முத்துப்பட்டன் கதை என்று பெயர்.

முத்துப்பட்டன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். அண்ணன்மாருக்குச் செல்லத் தம்பி. ஒரு நாள் காட்டு வழியே வரும்போது பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளைப் பார்க்கிறான். மனதைப் பறிகொடுக்கிறான்.

அவர்களுடைய தகப்பன் பெயர் வாலப்பகடை. தோல் வேலை செய்யும் குலத்தைச் சேர்ந்தவன். இன்று அருந்ததியர் என்று நாம் மரியாதையோடு சொல்லும் மக்கள் அவர்கள்.

"என் பெண்களைக் கட்ட வேண்டுமா? குடுமியை எடு. பூணூலை அறு. செருப்புத் தை. பிறகு வா!" என்கிறான் வாலப்பகடை.

முத்துப்பட்டன் தயங்கவில்லை. குடுமியை எடுத்தான். பூணூலை அறுத்தான். செருப்புத் தைத்தான். மாமனார் மெச்சும் மருமகன் ஆனான்.

கல்யாணம் நடந்தது. கல்யாணக் களை மறையும் முன்பே மாடு திருடர்கள் வந்தார்கள். மந்தையைக் காக்கப் போன முத்துப்பட்டன் கொல்லப்பட்டான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் மாண்டார்கள்.

பாபநாசம் மலையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோவிலில் அவன் பட்டவராயன் என்ற தெய்வமாக நிற்கிறான். அவனுக்குப் பக்தர்கள் செலுத்தும் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு!

கதையைக் கேட்டோம். இனி ஒவ்வொரு கண்ணாலும் பார்ப்போம்.

முதல் கண்: அழகு

"நன்றாக இருக்கிறதா? மனம் உருகுகிறதா? அது போதும்" என்பது ரசனைக்காரர்களின் வழி. தமிழில் இதற்குப் பெயர் பெற்றவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். அவர் நடத்திய வட்டத்தொட்டி என்ற கூட்டத்தில் ஒரு பாட்டை மணிக்கணக்கில் அனுபவிப்பார்கள்.

ரசிப்பதோடு நிற்காமல், எப்படிக் கட்டி இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார் சி.சு.செல்லப்பா. அதற்காகவே 1959-ம் ஆண்டில் "எழுத்து" என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

இங்கிலாந்தில் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு வேடிக்கை செய்தார். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மாணவர்கள் தடுமாறினார்கள்! பெயரைப் பார்த்துப் புகழ்வது எளிது; பாட்டைப் பார்த்துப் புகழ்வது கடினம் என்று தெரிந்தது. அதை 1929-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

முத்துப்பட்டன் கதையில் இந்தக் கண் எதைப் பார்க்கும்? காட்டு வழி, காதல், வில்லின் மணி ஓசை, சாவு, அழுகை. எல்லாம் உண்மை. ஆனால் மாமனார் ஏன் "செருப்புத் தை" என்றான்? அதை இந்தக் கண் கேட்காது.

இரண்டாம் கண்: உழைப்பு

"இந்தக் கதையில் உழைக்கிறவன் யார்? பலன் யாருக்கு?" என்று கேட்பது மார்க்சிய வழி. காரல் மார்க்ஸ் (1818–1883) பெயரால் வந்தது.

தமிழில் நா.வானமாமலை, இலங்கையில் க.கைலாசபதி, கா.சிவத்தம்பி ஆகியோர் இந்த வழியில் பேர் பெற்றவர்கள். கைலாசபதி, சங்க காலத்து வீரப் பாடல்களைக் கிரேக்க நாட்டு வீரப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அது 1968-ல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது.

முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவர் வானமாமலைதான். அவர் ஒரு திடுக்கிடும் விஷயத்தைக் கவனித்தார். இந்தக் கதை ஒரே மாதிரியாக இல்லை! சில ஏடுகளில் கதை மாறி இருக்கிறது. "பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணப் பெண்கள். காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான்" என்று சேர்த்திருக்கிறார்கள்.

எதற்காகச் சேர்த்தார்கள்? மேல் சாதிக்காரர்களுக்குக் கதை உறுத்தாமல் இருப்பதற்காக! அந்த ஒரு வரி சேர்ந்ததும் என்ன ஆகிறது? முத்துப்பட்டன் சாதியை உடைக்கவே இல்லை என்று ஆகிறது. அவன் தைத்த செருப்பு வீணாகிறது.

கத்தி இல்லாமல், ரத்தம் இல்லாமல் ஒரு கதையைக் கொன்றுவிடலாம். அதைக் கண்டுபிடிக்கக் கண் வேண்டும்.

மூன்றாம் கண்: அமைப்பு

சுவிட்சர்லாந்து நாட்டில் சசூர் என்ற மொழி அறிஞர் இருந்தார். அவர் இறந்த பிறகு, 1916-ல், அவருடைய பாடங்கள் புத்தகமாக வந்தன. அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு சொல்லுக்குத் தனியாகப் பொருள் இல்லை, மற்றச் சொல்லிலிருந்து வேறுபடுவதால்தான் பொருள் வருகிறது.

"கல்" என்கிறோம். கொஞ்சம் நீட்டினால் "கால்". வித்தியாசம் ஒரு மாத்திரைதான். பொருளோ வேறு!

கதைகளையும் இப்படி எதிர் எதிராக நிறுத்திப் பார்க்கலாம் என்றார்கள் பின்னால் வந்தவர்கள். இதற்கு அமைப்பியல் என்று பெயர். தமிழில் தமிழவன் 1982-ம் ஆண்டில் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

முத்துப்பட்டன் கதையில் எதிர் எதிராக நிற்பவை என்ன? ஊர், காடு. தோளில் பூணூல், காலில் செருப்பு. மேலே இருந்ததை அறுத்தான். கீழே இருந்ததைக் கையில் எடுத்தான். கடைசியில் என்ன நடக்கிறது? கோவில் வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டிய செருப்பு, கோவில் காணிக்கை ஆகிறது. கதை தலைகீழாக்கிய உலகத்தைக் கோவிலும் ஒத்துக்கொள்கிறது!

பிரான்ஸ் நாட்டு ரோலண் பார்த் இன்னும் ஒரு படி போனார். கதை எழுதியவன் என்ன நினைத்தான் என்று தேட வேண்டாம். படிக்கிறவன்தான் பொருளை உண்டாக்குகிறான் என்று 1967-ல் எழுதினார். பலர் கோபப்பட்டார்கள். ஆனால் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அதிசயம் இல்லை. முத்துப்பட்டன் கதையை எழுதியவர் யார்? ஊரே எழுதியது. ஊரே மாற்றியது.

நான்காம் கண்: பெண்

அமிர்தியில் அம்மா கேட்டாளே, "தூக்கிட்டு வந்தது யாரு?" என்று. அதுதான் பெண்ணியத்தின் முதல் கேள்வி.

பிரான்சில் சிமோன் த பொவார் 1949-ல் எழுதிய புத்தகம் உலகத்தை உலுக்கியது. தமிழில் எழுத்தாளர் அம்பை, பெண்களைப் பற்றித் தமிழ் இலக்கியம் என்ன சொல்கிறது என்று ஆராய்ந்து 1984-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்.

இந்தக் கண்ணால் பாருங்கள். முத்துப்பட்டனுக்கு அப்பன் நிபந்தனை போட்டான். முத்துப்பட்டன் ஒத்துக்கொண்டான். பேசி முடித்தவர்கள் இரண்டு ஆண்கள். அவன் இறந்ததும் தீயில் விழுந்தவர்கள் இரண்டு பெண்கள். சாதியை எதிர்த்த கதைதான். ஆனால் அந்தத் தீயை அது எதிர்க்கவில்லையே!

நல்ல கதையிலும் குறை இருக்கும். அதைச் சொல்வதால் கதை சிறுத்துப் போகாது.

ஐந்தாம் கண்: ஒதுக்கப்பட்டவர்

"என்னைப் பற்றி மற்றவன் சொன்ன கதை போதும். நான் சொல்கிறேன், கேள்" என்று எழுந்தது தலித் இலக்கியம். அண்ணல் அம்பேத்கரின் நூற்றாண்டு 1991-ல் வந்தது. அதை ஒட்டித் தமிழில் இது பெரும் வேகம் பெற்றது. 1992-ல் பாமாவின் "கருக்கு" வெளிவந்தது. 1993-ல் ராஜ் கௌதமனின் "தலித் பண்பாடு" வந்தது.

அதற்கும் முன்பே, 1979-ல், பூமணி எழுதிய "பிறகு" நாவலில் தோல் தொழிலாளி ஒருவர்தான் நாயகர். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களை வைத்து டி.செல்வராஜ் எழுதிய "தோல்" நாவலுக்கு 2012-ம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. நம் பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் "தகப்பன் கொடி" எழுதினார்.

இந்தக் கண் முத்துப்பட்டனிடம் என்ன கேட்கிறது? "செருப்புத் தைத்த பிராமணன் தெய்வம் ஆனான். சரி. தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்த வாலப்பகடை ஏன் கதைக்கு நாயகன் ஆகவில்லை?" என்று கேட்கிறது.

பதில் சொல்லுங்கள் பார்ப்போம்!

நம் வீட்டுக் கண்

இவ்வளவும் வெளிநாட்டுச் சரக்கா? இல்லை.

தொல்காப்பியம் ஒரு பாட்டை எப்படிப் பார்க்கச் சொல்கிறது? முதலில் இடமும் காலமும். பிறகு கருப்பொருள். பிறகுதான் மனிதனின் உணர்ச்சி. கருப்பொருள் என்றால் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை.

கவனித்தீர்களா? தொழில் இருக்கிறது! பறை இருக்கிறது! பறைக்குத் தோல் வேண்டும். தோலுக்குக் கை வேண்டும். உழைப்பை மறந்து அழகைப் பார் என்று நம் பழைய நூல் சொல்லவில்லை.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சிகளையும் அது வகுத்துச் சொல்லி இருக்கிறது.

நிலத்தை விட்டு மனிதனைப் பிரிக்காத இந்தத் திணைக் கண், இன்று நமக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. ஆயா தொட்ட ஆவாரஞ்செடியையே பாருங்கள். சங்கப் பாட்டில் மடல் ஏறும் காதலன் ஆவிரம்பூ சூடி வருகிறான். தோல் ஷாப்பில் அதே செடியின் பட்டை தோலைப் பதப்படுத்தியது. பிறகு குரோமிய உப்பு வந்தது. கழிவு பாலாற்றில் கலந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கில் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது.

பூ, பட்டை, கூலி, ஆறு, கோர்ட்டு. ஒரு செடிக்குள் எத்தனை கதை!

விளம்பரமும் கதைதான்

"நாங்கள் நாவல் படிப்பதில்லை, எங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

சினிமா பார்க்கிறீர்கள் அல்லவா? கைப்பேசியில் வீடியோ பார்க்கிறீர்கள் அல்லவா? விளம்பரம் பார்க்கிறீர்கள் அல்லவா? எல்லாம் கதைதான்.

இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் என்பவர் ஏழைத் தொழிலாளி குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கக் கற்ற தொழிலாளர் வீடுகளில் என்ன பத்திரிகை படிக்கிறார்கள், என்ன பாட்டுக் கேட்கிறார்கள், அது அவர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து 1957-ல் புத்தகம் எழுதினார். 1964-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இதற்காகவே ஒரு மையம் தொடங்கினார். பண்பாட்டு ஆய்வு என்று அதற்குப் பெயர். அதே 1957-ல் பிரான்சில் ரோலண் பார்த், சோப்புத் தூள் விளம்பரத்தையும் மல்யுத்தத்தையும் ஒரு காவியத்தைப் போல ஆராய்ந்து எழுதினார்.

நாமும் செய்யலாம். ஒரு ஷூ விளம்பரத்தைப் பாருங்கள். ஷூ பளபளக்கிறது. அணிந்த கால் தெரிகிறது. அந்தக் கால் ஏறும் கார் தெரிகிறது. தைத்த கை தெரிகிறதா? ஆம்பூரில் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் ஆயிரக்கணக்கான பெண்களின் கை அது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. மறைத்துவிட்டது. அவ்வளவுதான்.

மறைத்ததைப் பார்ப்பதற்குத்தான் கொள்கை.

ஒரு எச்சரிக்கை

கொள்கைக்காரர்களிடமும் குறை உண்டு. மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, புரியாத தமிழ். ஏழைக்காகப் பேசுகிறோம் என்பார்கள். ஏழை படித்தால் ஒரு வரி புரியாது. அது யாருக்காக?

இரண்டாவது, கதையைப் படிக்கும் முன்பே தீர்ப்பு எழுதுவது. நம் கட்சிக் கதை என்றால் நல்ல கதை. மற்றது கெட்ட கதை. அது விமரிசனம் அல்ல, பட்டிமன்றம்.

மூன்றாவது, ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றக் கண்களைக் குத்துவது. ரசனைக்காரர்கள் உழைப்பைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார்கள். மற்றவர்கள் அழகு என்றாலே சிரிப்பார்கள். இரண்டும் தவறு. முத்துப்பட்டன் கதை மனதை உருக்கியதால்தான் இத்தனை காலம் நின்றது. நின்றதால்தான் அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடிகிறது.

கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. குதிரைக்குக் கட்டும் கண் மறைப்பாக அது ஆகிவிடக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

பள்ளியில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால், தோல் வேலை என்று சொல்லக் கூசும் பிள்ளைகள் உண்டு. அந்தக் கூச்சத்தைக் கொடுத்தது யார்? தோல் அல்ல. தோலைத் தொட்டவனைப் பற்றிச் சொன்ன கதைகள்! பழமொழி, வசவு, சினிமாச் சிரிப்பு, பாடப் புத்தகத்தின் மௌனம். இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிள்ளையின் தலையைக் குனிய வைக்கின்றன.

கதை கொடுத்த நோய்க்குக் கேள்விதான் மருந்து.

ஆகவே, வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கதை படித்தாலும், படம் பார்த்தாலும், சாப்பிடும்போது பிள்ளைகளிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்.

எது உனக்குப் பிடித்தது?

இந்தக் கதையில் வேலை செய்கிறவர் யார்?

பெண் என்ன பேசினாள்?

யாருக்குப் பேச வாய்ப்பே கொடுக்கவில்லை?

இந்தக் கதை யார் சொன்னது, யாருக்காக?

தமிழ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்யுளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இந்த ஐந்து கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். பரீட்சையில் மதிப்பெண் வராமல் போகலாம். வாழ்க்கையில் ஏமாறாமல் இருப்பான்.

எழுதப் படிக்கத் தெரிந்தால் கடிதம் படிக்கலாம். கேள்வி கேட்கத் தெரிந்தால்தான் உலகத்தைப் படிக்கலாம்.

அடுத்த முறை அமிர்திக்குப் போனால், அருவியைப் பாருங்கள். மானைப் பாருங்கள். ஆயாவை அழைத்துப் போயிருந்தால், அந்த ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்து, பட்டை உரித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தக் கதையை இதுவரை யாரும் கேட்கவில்லை.